போதைக்கடத்தல் படம் ஒண்டு எடுக்கப்போறம், கதையைக் கிழிச்சுத் தொங்கப் போடுங்க

#1 வாவிக்கரை

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்புக் கல்லடி, நாவற்குடா பக்கத்துப் பொடியனுகள் ஒம்பது பேர் சேந்து ஒரு முழுநீளப் படம் எடுக்கப்போறம். கிரைம் திரில்லர், ஒண்டரை மணித்தியாலம், போதைக்கடத்தல்தான் மெயின். கையில 8 லட்சம் இரிக்கி, அதில 3 லட்சம் கட்டார்ல நிக்கிற என்ட மச்சான் அனுப்பினது, அதுக்காக அவனுக்கு ஒரு சீன் குடுக்கணும், அது வேற கதை. கமரா சொந்தமா ஒண்டு கிடக்கு, லென்ஸ் கலியாண வீடு எடுக்கிற கூட்டாளிட்ட இரவல்.

கதை இதுதான். ஹீரோ கடல் தொழிலாளி, தங்கச்சிட கலியாணத்துக்கு வாங்கின கடன் கழுத்தை நெரிக்குது. கொழும்பு டீலர் ஒருத்தனுக்காக நடுக்கடல்ல 40 கிலோ குடு, அதான் ஹெரோயின், எடுத்து, ஓகஸ்ட் மாசம் ஒரு இரவு போட்டை முகத்துவாரத்தால வாவிக்குள்ள விட்டு, கல்லடிப் பழைய பாலத்துக்குக் கீழ கை மாத்துறான். அங்க துப்பாக்கிச் சண்டை. பிடிபடுறான். அடுத்த கிழமை கோர்ட்ல தூக்குத் தண்டனை. கடைசி சொட்ல சூரியன் கடலுக்குள்ள மறையிது, தங்கச்சி கரையில தனிய நிக்கிறா.

முகத்துக்குச் சிரிக்காம உண்மையைச் சொல்லுங்க.

#2 அதிரடி அன்பன்

மச்சான் மாஸ்டா. பாலத்துச் சண்டையை மட்டும் பத்து நிமிசத்துக்கு இழு, மழை போடு, தியேட்டர் கிழியும்.

#3 பழைய கலரி

தம்பி, எனக்கு வயசு அறுபத்தொண்டு, படம் பாத்தே தேஞ்ச கண். ஒண்டு மட்டும் கேக்கிறன். மட்டக்களப்புல சூரியன் எந்தக் கடலுக்குள்ள மறையிது? நான் பொறந்த நாள்ல இருந்து கடல்ல எழும்புறதைத்தான் பாத்திரிக்கன். மறையிறது வாவிக்கு அங்கால, படுவான்கரைப் பக்கம். பேரே படுவான்கரை, பொழுது படுற கரை. எழுவான்கரையில இருந்து கதை எழுதிற ஆள் இதைப் பிழை விட்டா மத்ததையெல்லாம் எப்பிடி நம்புற?

#4 வாவிக்கரை

ஐயா சத்தியமா கவனிக்கல்ல 😂 மேற்குக் கரை நீர்கொழும்புல எடுத்த ஒரு குறும்படம் மண்டைக்குள்ள நிண்டுட்டு. மாத்துறன்.

#5 தண்டயல்

நான் இதில எழுதிறதில்ல, வாசிக்கிறதோட சரி. மகள்தான் டைப் பண்ணித் தாறா. பாலமீன்மடுப் பக்கம், முப்பது வருசமாக் கடல் தொழில்.

ஓகஸ்ட்ல முகத்துவாரத்தால போட் விட ஏலா தம்பி. அந்த நேரம் வாய் மண் மூடிக் கிடக்கும், பிள்ளைகள் நடந்து அங்கால போயித்து வருவாங்க. மாரி மழைக்கு வாவி நிரம்பி வெள்ளம் வரக்குள்ளதான் அது உடையும், இல்லாட்டி வெட்டி விடுவாங்க. அப்ப கடல் கொந்தளிப்பு, சின்ன போட்காரன் ஒருத்தனும் இரவில வெளிய போகான். உங்கட கதை அப்பிடியே நடக்கணுமெண்டா ஒண்டில் வாய் திறந்திரிக்கும் கடல் விடாது, இல்லாட்டிக் கடல் விடும் வாய் மூடியிருக்கும்.

மத்தது, நடுக்கடல் எண்டு எழுதியிருக்கீங்க, எந்த போட்? பைபர் போட்ல ரெண்டு பேர், மூணு பேர் பின்னேரம் போய் விடியக் கரைக்கு வாறது. வெளிநாட்டுக் கப்பல் வாற தூரத்துக்கு அது போகாது. அங்க போறது வாழைச்சேனைத் துறைமுகத்தில கட்டியிருக்கிற மல்டிடே போட்டுகள், கிழமைக்கணக்கா, சிலது மாசக்கணக்கா நிக்கும். 2015ல ஐரோப்பாக்காரன் எங்கட நாட்டு மீனை வாங்கமாட்டன் எண்டு தடை போட்டானே, அதோட அந்த போட்டுகளுக்கு விஎம்எஸ் எண்டு ஒரு பெட்டி பூட்ட வச்சாங்க, போட் எங்க நிக்கிறது எண்டு கொழும்பில இருந்து பாக்கலாம். தடை அடுத்த வருசமே எடுபட்டுட்டு, பெட்டி நிண்டுட்டு. உங்கட ஹீரோ அந்தப் பெட்டியை என்ன செய்தான் எண்டு கதையில ஒரு சொல் இல்ல.

#6 கறுப்புக்கோட்டு

அக்கரைப்பற்றில இருந்து. தொழில் பேர்லயே இரிக்கி.

கோர்ட் சீனைப் பாத்துத்து எனக்குத் தலை சுத்துது. அடுத்த கிழமை தூக்கா? இலங்கையில பிடிச்ச பொருள் முதல்ல அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகணும், அந்த அறிக்கை வந்தாத்தான் அது ஹெரோயினா கோதுமை மாவா எண்டே கோர்ட்டுக்குத் தெரியும். அதில சுத்த அளவு எவ்வளவு எண்டதுதான் வழக்கு. மறுகா சட்டமா அதிபர் திணைக்களம், மறுகா மேல் நீதிமன்றத்தில குற்றப்பத்திரம். வருசக்கணக்கு. அதுவரைக்கும் ஆள் றிமாண்ட். இந்த மாதிரி வழக்குக்கு நீதவான் பிணை குடுக்க ஏலா, சுத்த அளவு 10 கிராமோ அதுக்கு மேலயோ எண்டா மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போய் விசேட காரணம் காட்டணும். எங்கட ஊர்க் குடும்பம் ஒண்டு இதுக்காக நகையை வித்து, வளவை வித்து, கடைசியில ஆட்டையும் வித்ததை நான் பாத்திரிக்கன்.

அதோட 40 கிலோ ஏன்? ஹெரோயின் 2 கிராமுக்கு மேல எண்டாலே மரண தண்டனை இல்லாட்டி ஆயுள், 1984ல கொண்டுவந்த திருத்தம். 2022ல ஐஸையும், அதான் மெத்தம்பெட்டமைன், உள்ள சேத்தாங்க, அதுக்கு 5 கிராம். ரெண்டு கிராம் எண்டா சின்னத் தேக்கரண்டி கூட நிரம்பா. தூக்கு எண்டு தீர்ப்பு எழுதுவாங்க, ஆனா 1976க்குப் பிறகு இந்த நாட்டில ஒருத்தரையும் தூக்கில போடல்ல, அதனால கைதி நாளைக்கா நாளையண்டைக்கா எண்டு தெரியாம உள்ளயே நரைப்பான். நீங்க ஒரு தேக்கரண்டியை வச்சே ஒரு மனிசனைப் பயப்பிடுத்தலாம், 40 கிலோ மாவுக்குக் காசு மிச்சம்.

#7 கல்முனை காக்கா

கதை நல்லா இரிக்கி தம்பி, ஆனா ரெண்டு விசயம், கோவிக்கக் கூடா.

ஒண்டு, அந்த டீலர்ட ஆள் எந்த ஊர்? நீ எழுதல்ல, ஆனா எழுதுவாய். இஞ்ச ஒரு ஊர்ப் பேரை வில்லனுக்கு வச்சா படம் வர முதல் போஸ்டர் கிழியும். தமிழ் ஊர் எண்டா இவங்க கேப்பாங்க, முஸ்லிம் ஊர் எண்டா நாங்க கேப்பம், சிங்கள ஊர் எண்டா தணிக்கைச் சான்றிதழுக்கு நீ அலைஞ்சே செருப்புத் தேஞ்சிரும். சாமானுக்கு ஊரும் இல்ல மதமும் இல்ல, ஒரே பக்கட்டை மூணு ஆக்களும் சேந்துதான் நகத்திறாங்க, அதில மட்டும் எல்லாரும் நல்ல ஒற்றுமை.

ரெண்டு, பேச்சு. தயவுசெஞ்சு ஹீரோவை மெட்ராஸ் தமிழ் பேச வைக்காத. யாழ்ப்பாணத் தமிழும் வேணாம். “இரிக்கி” எண்டு சொல்ற மனிசனை “இருக்கு” எண்டு டப்பிங்ல பேச விட்டா எங்கட உம்மாமார் சிரிப்பாங்க. சாய்ந்தமருதுப் பக்கம் வாற சீன் இருந்தா அங்கத்தப் பேச்சு அங்கத்த ஆளை வச்சே பேச வை.

#8 அதிரடி அன்பன்

பாஷையைப் பாத்து யார் படம் பாக்கிற? இந்தியாவிலயும் ஓடணுமெண்டா விளங்கணுமே.

#9 கல்முனை காக்கா

விளங்காட்டிக் கீழ எழுத்துப் போடு. கொரியாக்காரன்ட படத்தை நீ எப்பிடிப் பாத்தாய்?

#10 சவுண்ட் பொடியன்

மைக் பிடிக்கிற வேலை, திருக்கோவில். இந்த இழையில ஒருத்தரும் சத்தத்தைப் பத்திப் பேசாததால வாறன்.

1992ல வெளியான எல் மரியாச்சி எண்ட படத்தை எல்லாரும் உதாரணம் சொல்லுவாங்க, 7,000 டொலருக்கு எடுத்தது எண்டு. அது எடுத்த செலவு. பிறகு ஸ்டூடியோ வாங்கித் தியேட்டருக்கு விட முதல் சத்தமும் பிரிண்டும் சரிப்பண்ண அதைவிடப் பல மடங்கு கொட்டினது. ஆனா ஒரு பாடம் இரிக்கி, அந்த மனிசன் கமரா ஓடக்குள்ள சத்தம் எடுக்கல்ல, ஒவ்வொரு சொட்டும் முடிய கமராவை நிப்பாட்டிப்போட்டு அதே வசனத்தைக் கிட்ட இருந்து ரெக்கோட் பண்ணினான். போட்ல எடுக்கிற உங்களுக்கும் அதுதான் ஒரே வழி. எஞ்சின் ஓடக்குள்ள மைக்ல ஒரு எழுத்தும் கேக்காது. எஞ்சினை நிப்பாட்டிக் கரையில வந்து இருந்து, மூச்சு வாங்க வச்சுப் பேச விடுங்க.

இன்னொண்டு. மட்டக்களப்புல படம் எடுக்கிற எல்லாரும் பௌர்ணமி இரவில மீன் பாடுற சத்தத்தைப் போடுறாங்க. இந்த முறை வேணாம். அதுக்குப் பதிலா மேற்கால அடிக்கிற கச்சான் காத்துல தென்னோலை உரசிற சத்தம், தகரக் கூரை அடிக்கிறது, அங்கால ஒரு நாய். பயம் அதிலதான் வரும்.

#11 ஆரையம்பதியாள்

நான் ரெண்டு குறும்படத்துக்குத் தயாரிப்பு மேனேச்சரா நிண்டவ. கனவெல்லாம் சரி, சோத்துக் கணக்குக்கு வாங்க. நடிகர், ஆக்கள் எல்லாம் சேத்து 15 பேர், மூணு நேரம், 12 நாள். 540 பார்சல். ஒண்டு 450 ரூபா எண்டு வச்சாலும் 2 லட்சத்து 43 ஆயிரம். பிளேன்டீயும் ரோல்ஸும் இதுக்குள்ள இல்ல. 8 லட்சத்தில மூண்டில ஒண்டுக்குக் கிட்ட வயித்துக்குள்ள போயித்து. இன்னும் போட் இல்ல, எண்ணெய் இல்ல, ஹார்ட் டிஸ்க் இல்ல. (ரெண்டு வாங்கணும், ஒண்டு இல்ல. ஒருக்கா ஒரு கலியாண வீட்டோட எங்கட மூணு நாள் சீன் சேந்து அழிஞ்சது, யார் அழிச்சது எண்டு சொல்லமாட்டன்.)

பாலத்துச் சண்டைக்குத் துப்பாக்கி எங்க எடுக்கப் போறீங்க? விளையாட்டுத் துப்பாக்கியெண்டாலும் இஞ்ச இரவு பாலத்துக்குக் கீழ அதைத் தூக்கிக்கொண்டு ஓடினா என்ன நடக்கும் எண்டு இந்த ஊர்ல வளந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. பொலிசுக்கு எழுத்தில குடுத்து, கிராம சேவகரிட்டச் சொல்லி, பக்கத்து வீட்டாக்களுக்கும் சொல்லணும். ட்ரோன் பறக்க விடுறதுக்கும் சிவில் விமானக்காரர்ட அனுமதி வேணும்.

#12 வாவிக்கரை

சரி, இப்ப என்ட பக்கத்தையும் கேளுங்க. சூரியன் பிழை, முகத்துவாரம் பிழை, கோர்ட் பிழை, பாஷை பிழை, துப்பாக்கி வேணாம், மீன் பாடக் கூடா. மிச்சம் என்ன இரிக்கி? தங்கச்சிட கலியாணம் மட்டும்தான். நாங்க டொக்குமென்டரி எடுக்கல்ல, ஆக்கள் கதிரை நுனியில இருந்து பாக்கிற ஒரு படம்தான் எங்களுக்கு வேணும். எங்கட பொடியனுகள் ஐஸ் அடிச்சு அழியிறானுகள், அதைப் பத்தி ஒருத்தரும் இஞ்ச படம் எடுக்கல்ல, எடுக்க வெளிக்கிட்டா ஆயிரம் நொட்டை.

#13 பழைய கலரி

கிழிக்கச் சொன்னது நீதானே மனே.

#14 தண்டயல்

தம்பி கோவிக்காதீங்க. நான் ஒரு கதை சொல்றன், வேணுமெண்டா எடுங்க, வேணாட்டி விடுங்க.

எட்டு, ஒம்பது வருசம் இருக்கும். இருட்டுக் காலம், நிலவு இல்ல, நானும் என்ட மச்சினனும் வலை போட்டுத்து எஞ்சினை நிப்பாட்டிப் படுத்துக் கிடந்தம். விடியச் சாமம் வலை இழுக்கக்குள்ள ஒரு இடத்தில பாரம். கட்டை ஏதும் பட்டுட்டு எண்டு நினைச்சன். மேல வர டோச் அடிச்சுப் பாத்தா உரச் சாக்கு, வாய் நைலோன் கயித்தால கட்டி, கயித்தில ஒரு வெத்து எண்ணெய்க் கேன், மிதக்கிறதுக்கு. கேன்ல பாசி பிடிச்சிருந்தது, கனநாள் தண்ணியில கிடந்திரிக்கி. மச்சினன் கத்தியால ஒரு ஓரம் கீறினான். உள்ள கறுப்பு டேப் சுத்தின பொதி, செங்கல் அளவு, ஒண்டுக்கு மேல ஒண்டு. எத்தினை எண்டு எண்ணல்ல. எண்ணினா மனசு மாறும் எண்டு எனக்கு அப்பவே தெரிஞ்சிது.

ரெண்டு பேரும் ஒண்டும் பேசல்ல. பீடி பத்த வச்சன், கை நடுங்கி நெருப்புக்குச்சி மூண்டு அணைஞ்சுது. கரைக்குக் கொண்டுபோய்க் குடுத்தா எங்க எடுத்தாய், யார் தந்தது, ஏன் நீ மட்டும் எண்டு எங்களைத்தான் கேப்பாங்க, வெளிய வர எத்தினை நாள் ஆகும் எண்டு தெரியா. கொண்டுபோய் வச்சிருந்தா அது வேற சாவு. திரும்பக் கடல்ல போட்டா அதுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் எங்கயோ தேடிக்கொண்டிரிக்கான். கடைசியா வலையை அந்த இடத்தில வெட்டிச் சாக்கோட விட்டம். புது வலை. கேனையும் குத்தி விட்டான், தாழட்டும் எண்டு. தாழுதா இல்லையா எண்டு பாக்காம எஞ்சினை ஸ்டாட் பண்ணினம்.

கரைக்கு வந்து மீன் வித்து, மனிசிட்ட வலை கடலுக்கடியில கிடக்கிற கல்லுப் பாரில கிழிஞ்சது எண்டு பொய் சொன்னன். அதோட முடியல்ல. மூண்டாம் நாள் காலமை, கரையில மீன் பிரிச்சுக்கொண்டு நிக்கிறன், மோட்டர் சைக்கிள்ல ஒருத்தன் வந்தான், முன்னப்பின்னத் தெரியாத முகம், நல்ல சேர்ட். சிரிச்சுக்கொண்டு கேட்டான், “என்ன அண்ண, இந்தக் கிழமை வலையில என்ன பட்ட?” எண்டு.

கடற்கரையில வாற போற ஒவ்வொருத்தனும் கேக்கிற கேள்வி அது. முப்பது வருசமா ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்டிரிக்கன். அண்டைக்கு எனக்கு வாய் வரல்ல. “சூடைதான்” எண்டன். அவன் வெட்டின வலையைப் பாத்தான், பாத்தானா இல்லாட்டி எனக்கு அப்பிடித் தெரிஞ்சுதா எண்டு இண்டைவரைக்கும் விளங்கல்ல. ரெண்டு கிலோ சூடை வாங்கிக்கொண்டு போயித்தான். மறுகா வரல்ல. அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் ஒழுங்கையில மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டா நான் எழும்பி இருப்பன்.

(இது மகள். அப்பா இதை இவ்வளவு நாளும் எங்களுக்கே சொல்லல்ல. டைப் பண்ணிக்கொண்டு இருக்கக்குள்ளதான் எனக்கும் தெரியும். அம்மா குசினியில நிக்கிறா, அவவுக்கு இன்னும் தெரியா.)

#15 சவுண்ட் பொடியன்

“இந்தக் கிழமை வலையில என்ன பட்ட?”

படம் இதுதான்டா. டைட்டிலும் இதுதான்.

#16 கறுப்புக்கோட்டு

வழக்கே இல்லாத வழக்கு. ஐயா செய்தது சரியா பிழையா எண்டு நான் இஞ்ச சொல்லமாட்டன், தொழில் வேற மனிசன் வேற. ஆனா நாலு வழியும் அடைபட்ட ஒரு ஆளை ரெண்டு நிமிசத்தில முடிவெடுக்க வைக்கிறீங்க, கதிரை நுனி எண்டு கேட்டீங்களே, அது இதுக்குள்ள இரிக்கி.

#17 அதிரடி அன்பன்

எனக்கும் பிடிச்சிரிக்கி, பொய் சொல்லமாட்டன். ஆனா மூணு நாள்ல ஒருத்தன் வந்து சூடை வாங்கிக்கொண்டு போறான், அதோட படம் முடியிதா? அவன் திரும்பி வரணும். ஒரு அடியாவது விழணும். இல்லாட்டி நான் டிக்கட் காசைத் திருப்பிக் கேப்பன்.

#18 கல்முனை காக்கா

வரட்டும், ஆனா அடிக்க வேணாம். ஒவ்வொரு நாளும் வந்து மீன் வாங்கட்டும். விலை பேசாம, கேட்ட காசைக் குடுத்து. எங்கட கடற்கரையில விலை பேசாம மீன் வாங்கிறவனை விடச் சந்தேகமான மனிசன் உலகத்தில இல்ல. ரெண்டாம் கிழமை கடன்காரனுக்கு யாரோ காசு கட்டிட்டாங்க எண்டு செய்தி வரட்டும். அப்பதான் ஹீரோவுக்கு விளங்கணும், சாக்கு போனாலும் தன்னை வாங்கிட்டானுகள் எண்டு. அடுத்த முறை சாக்கு வலையில தற்செயலாப் படத் தேவல்ல.

வசனத்துக்கு ஒரு பிட்டும் சும்மா தாறன். இப்ப துறையில மீனுக்கு “ஐஸ் ஏத்தணும்” எண்டு சொன்னாலே பொடியனுகள் கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கானுகள். அந்தப் பகிடியை முதல் சீன்ல வை. கடைசியில அதே வசனம் திரும்ப வரட்டும், ஒருத்தனும் சிரிக்கக் கூடா.

#19 ஆரையம்பதியாள்

கவனிச்சீங்களா, துப்பாக்கி போச்சு, பாலம் போச்சு, கோர்ட் செட் போச்சு, 40 கிலோ மா போச்சு. 15 பேர் தேவல்ல, 9 பேர் காணும். 324 பார்சல், 1 லட்சத்து 45 ஆயிரத்து 800. ஒரு லட்சத்துக்குக் கிட்ட மிச்சம் வந்திரிக்கி. அந்தக் காசில ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்குங்க.

மனிசி பாத்திரத்துக்கு எழுத்துப் போடுங்க தயவுசெஞ்சு. வலை கிழிஞ்சது பாரில இல்ல, கத்தியால வெட்டினது எண்டு அவ பாத்த உடனே கண்டுபிடிச்சிருப்பா, வலை பொத்திறது யாரு? அவவும் ஒண்டும் கேக்கல்ல. ஏன் கேக்கல்ல?

#20 தண்டயல்

(மகள்தான். இதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கனநேரம் பேசாம இருந்தார்.)

#21 வாவிக்கரை

மூண்டு நாளா யோசிச்சன். நேத்து இரவு எல்லாரும் கூடி வாசிச்சம். பழைய ஸ்கிரிப்டை எடுத்து வச்சிட்டம், தங்கச்சி கலியாணக் கடன் மட்டும் நிக்கிது. கட்டார் மச்சானுக்கு மோட்டர் சைக்கிள்ல வாற ஆளைக் குடுத்திரிக்கம், நல்ல சேர்ட் வச்சிருக்கான், அதோட அவனுக்கு இந்த ஊர் முகம் மறந்து போச்சு, பொருத்தம்தான்.

கடல் சீன்தான் பிரச்சினை. இரவில கடலுக்குக் கமராவோட போக எங்களுக்குத் தைரியம் இல்ல, கச்சான் காலத்தில எஞ்சின் நிண்டா போட் வெளியாலதான் போகும் எண்டு வேற சொல்றாங்க. வாவியில எடுத்துக் கடலாக் காட்டலாமா? கமராவைத் தாழ்த்தி, பின்னால முழுக்க இருட்டு, டோச் வெளிச்சம் மட்டும்.

#22 தண்டயல்

வாவியில போட் ஆடாது, பாத்த உடனே தெரியும். ரெண்டு பொடியனுகளைத் தண்ணியில இறக்கி போட்ட முன்பக்கம், அணியத்தைப் பிடிச்சு ஆட்டச் சொல்லுங்க, ஒரே தாளத்தில ஆட்டக் கூடா, கடல் அப்பிடி ஆட்டாது. ஆனா எல்லா இடத்திலயும் இறங்க விடாதீங்க, வாவிக்குள்ள முதலை இரிக்கி. இடத்தை நான் காட்டுறன்.

#23 அதிரடி அன்பன்

முதலையை வச்சு ஒரு சண்டை...

#24 எல்லாரும் சேந்து

போடா.

(நிர்வாகி: இப்பிடிப் பேர்ல புதுக் கணக்குத் திறக்கக் கூடா. ஆனா இந்த முறை விடுறன்.)

#25 வாவிக்கரை

தண்டயல் ஐயா, ஒரு உதவி. உங்கட போட்டை நாலு இரவுக்குத் தருவீங்களா? நீங்களே நடிச்சாலும் சந்தோசம், உங்கட கதைதானே. எண்ணெய்ச் செலவு எங்கட.

#26 தண்டயல்

போட் தாறன். காசு வேணாம், வெட்டுற சீனுக்குப் பழைய வலையைப் பாவிங்க, புதுசை வெட்ட விடமாட்டன், ஒருக்கா வெட்டினது காணும்.

(அப்பா முகம் காட்டமாட்டாராம். நெருப்புக்குச்சி பத்த வைக்கிற கை மட்டும் எடுக்கிறதெண்டா சம்மதமாம். அம்மாவுக்கு நேத்துச் சொல்லிட்டார். அம்மா சொன்னா, வலையைப் பாத்த அண்டைக்கே தெரியுமாம்.)

#27 வாவிக்கரை

கை காணும் ஐயா. வாற வெள்ளி பின்னேரம் பாலமீன்மடுவுக்கு வாறம். பெற்றோல் எத்தினை லீற்றர் கொண்டுவரணும்?

#28 தண்டயல்

ஸ்டாட் பண்ண ஒரு போத்தல் பெற்றோல் காணும். மிச்சம் மண்ணெண்ணெய் தம்பி. ஸ்கிரிப்ட்லயும் பெற்றோல் எண்டு எழுதியிருந்தா மாத்துங்க.